ஆர்க்டிக் இயற்கை எரிவாயுவும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடமும்

ஆர்க்டிக் இயற்கை எரிவாயு என்பது வடமுனை வட்டத்திற்கு அப்பால், ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் நிலத்தின் அடியிலும் கடலின் அடியிலும் இருந்து எடுக்கப்படும் எரிவாயுவைக் குறிக்கும். இதன் மிகப் பெரும் பங்கு உருசியாவின் யமல் தீபகற்பத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் எரிவாயுக் கிணறு ஒன்றும் இல்லை. ஆயினும் அங்குள்ள உலைகளும் கொதிகலன்களும் இறக்குமதி எரிவாயுவுக்கு மாறத் தொடங்கிய பின், 71 பாகை வடக்கே நிகழ்பவை 13 பாகை வடக்கே உள்ள ஆலைகளின் எரிபொருள் செலவில் தெரியத் தொடங்கின. ஆர்க்டிக் எரிவாயுவின் ஒரு மூலக்கூறு கூட ஒரகடத்தை அடையாமலேயே இது நிகழக்கூடும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டு நெருக்கடி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

தொழில் வழித்தடமும் வெப்பத் தேவையும்

சென்னைக்குத் தென்மேற்கே, பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியும், திருப்பெரும்புதூரில் இருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையை ஒட்டியும் இவ்வழித்தடம் அமைந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் உள்ளன. 1996இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000இலும், ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஒரகடம் ஆலை 2013இலும் செயற்படத் தொடங்கின. அப்பல்லோ வட்டகை (டயர்) ஆலையும் ஒரகடத்தில் உள்ளது.

இத்தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசும்போது மின்சாரம், தண்ணீர், சாலை ஆகியவையே பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றன. வெப்பம் பேசப்படுவதில்லை. வாகனத்தின் மீது பூசப்படும் வண்ணம் ஏறத்தாழ 140 முதல் 180 பாகை செல்சியசு வெப்பமுள்ள அடுப்பறைகளில் உலர்த்தப்படுகிறது. அலுமினிய வார்ப்புக்கு 700 பாகை அளவில் உருகிய உலோகம் தேவை. வட்டகைகளைப் பதப்படுத்த அழுத்த நீராவி வேண்டும். இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானது மிதவைக் கண்ணாடித் தயாரிப்பு ஆகும். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் 1,600 பாகை அளவில் உருக்கப்பட்டு, உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்க விடப்பட்டுத் தகடாக்கப்படுகின்றன. இவ்வகை உலை ஒருமுறை மூட்டப்பட்டால் பதினைந்து ஆண்டுகள் அளவில் அணையாது எரிய வேண்டும். இடையில் குளிர்ந்தால் உள்ளிருக்கும் கண்ணாடி இறுகி உலையே பாழாகும். எனவே இத்தகைய உலைக்கு எரிபொருள் விலை உயர்வைக் காட்டிலும் எரிபொருள் தடைப்படுவதே பெரிய ஆபத்து எனலாம்.

இவ்வகைத் தொழில்களில் நெடுங்காலமாக உலை எண்ணெய், டீசல், நீர்மப் பெட்ரோலிய வாயு ஆகியவை பயன்படுத்தப்பட்டு வந்தன. இயற்கை எரிவாயு புகையும் கந்தகமும் குறைவாக உள்ளது. தீச்சுடரின் அளவை நுண்மையாகக் கட்டுப்படுத்தலாம். தொட்டியில் சேமித்து வைக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வசதியே இதன் குறையும் ஆகும். உலை எண்ணெய் வாங்கும் ஆலையின் வளாகத்தில் சில நாட்களுக்கான இருப்பு எப்போதும் இருக்கும். குழாய் எரிவாயு வாங்கும் ஆலையிடம் இருப்பது குழாய் மட்டுமே.

எண்ணூரில் இருந்து ஒரகடம் வரை

இயற்கை எரிவாயுவை மறையெண் 162 பாகை செல்சியசு வரை (சுழிக்குக் கீழ் 162) குளிர்வித்தால் அது நீர்மமாகி, கன அளவில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எல்.என்.ஜி. எனப் பரவலாக அழைக்கப்படும் இந்நீர்ம இயற்கை எரிவாயுவே கப்பலில் ஏற்றப்படுகிறது. இதனை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையம் ஒன்றை இந்தியன் ஆயில் நிறுவனம் எண்ணூரில் காமராசர் துறைமுகத்தினுள் அமைத்தது. 2019 மார்ச் 6 அன்று பிரதமர் நரேந்திர மோதி இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இது இந்தியாவின் கிழக்குக் கரையில் அமைந்த முதல் நீர்ம எரிவாயு முனையமாகும். இதன் திறன் ஆண்டுக்கு 50 இலட்சம் டன். ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு கொள்கலன்கள் இங்குள்ளன. கிழக்குக் கரையின் அடுத்த முனையம் ஒடிசாவின் தாம்ராவில் 2023இல்தான் செயற்பாட்டுக்கு வந்தது.

எண்ணூர் எரிவாயு முதலில் அருகிலுள்ள மணலிக்கே சென்றது. அங்குள்ள எண்ணெய்த் தூய்விப்பு ஆலையும் சென்னை உர ஆலையும் நாஃப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறின. எண்ணூரைத் திருவள்ளூர், பெங்களூர், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி ஆகிய இடங்களோடு இணைக்கும் நெடுங்குழாய்த் திட்டம் பகுதி பகுதியாக நிறைவேற்றப்பட்டது. அதன் 143 கிலோமீட்டர் நீளமுள்ள இராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதி 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. 2018இல் நடந்த ஒன்பதாம் சுற்று நகர எரிவாயு ஏலத்தில் சென்னை–திருவள்ளூர்ப் பகுதி டாரண்ட் நிறுவனத்திற்கும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டப் பகுதி ஏ.ஜி. அண்டு பி. நிறுவனத்திற்கும் கிடைத்தன. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இரண்டாவது பகுதிக்குள் அடங்கும். குழாய் எட்டாத இடங்களுக்கு நீர்ம எரிவாயுவைத் தாங்கி உந்துகளில் கொண்டு சென்று அங்கேயே வாயுவாக்கும் முறையும் வழக்கில் உள்ளது. நெடுஞ்சாலையில் செல்லும் வெண்ணிற உறைகுளிர் தாங்கி உந்துகளைப் பலர் பால் வண்டி என்றே எண்ணுவதுண்டு.

தொடக்க ஆண்டுகளில் எண்ணூர் முனையம் தன் முழுத் திறனுக்கு மிகக் கீழேயே இயங்கியது. குழாய்கள் முடிவடையாதது ஒரு காரணம். மற்றொன்று விலை. கத்தார் போன்ற நாடுகளுடன் நீண்டகால ஒப்பந்தத்தில் வரும் எரிவாயு பெரும்பாலும் குசராத்தின் தாகேச் உள்ளிட்ட மேற்குக் கரை முனையங்களில் இறங்குகிறது. எண்ணூரின் புதிய வாடிக்கையாளர்கள் அன்றன்றைய உடனடிச் சந்தை விலைக்கு அதிகம் ஆட்பட்டிருந்தனர். கீழே கூறப்படும் நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாதது.

யமல்: உறைநிலத்தில் எரிவாயு எடுத்தல்

யமல்–நெனெத்து தன்னாட்சிப் பகுதி உருசியாவின் எரிவாயு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினை அளிக்கிறது. யமல் தீபகற்பத்தின் பொவனென்கொவோ வயலில் காஸ்ப்ரோம் நிறுவனம் 2012இல் உற்பத்தியைத் தொடங்கியது. அவ்வாயு குழாய் வழியாக மேற்கு நோக்கிச் செல்கிறது. இந்தியாவுக்கு நேரடித் தொடர்புள்ளது அதன் வடகிழக்கே, ஓப் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய சபெட்டாவில் அமைந்த யமல் நீர்ம எரிவாயுத் திட்டமாகும். 1974இல் கண்டறியப்பட்ட தெற்கு தாம்பேய் வயலே இதன் ஊற்று. நோவாடெக் என்ற உருசிய நிறுவனத்திடம் 50.1 விழுக்காடும், பிரான்சின் டோட்டல், சீனத் தேசியப் பெட்ரோலிய நிறுவனம் ஆகியவற்றிடம் தலா 20 விழுக்காடும், சீனாவின் பட்டுப்பாதை நிதியத்திடம் 9.9 விழுக்காடும் பங்குகளாக அமைந்தன. திட்டச் செலவு ஏறத்தாழ 2,700 கோடி அமெரிக்க டாலர். 2017 டிசம்பரில் முதல் நீர்மமாக்கு தொடர் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 55 இலட்சம் டன் திறனுள்ள மூன்று தொடர்கள் 2018 முடிவதற்குள் நிறைவுற்றன. உருசியத் தொழில்நுட்பத்தில் அமைந்த நான்காவது சிறிய தொடர் 2021இல் சேர்ந்தது.

சபெட்டாவில் குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 50 பாகை வரை இறங்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் தோன்றுவதில்லை. ஆயினும் பொறியாளர்களுக்குக் குளிரை விட வெப்பமே பெரிய சிக்கல். இங்கு நிலம் பல நூறு மீட்டர் ஆழம் வரை ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும். மேற்பரப்பு மட்டும் கோடையில் இளகிச் சேறாகும். இவ்வுறைநிலத்தின் மேல் ஆலையைக் கட்டினால், ஆலையின் வெப்பமே அடியிலுள்ள பனியை உருக்கி ஆலையைச் சாய்த்துவிடும். எனவே கட்டடங்கள் ஆழமாக நடப்பட்ட ஆயிரக்கணக்கான தூண்களின் மேல், நிலத்தைத் தொடாது காற்றோட்டம் இருக்குமாறு உயர்த்தி அமைக்கப்பட்டுள்ளன.

தூண்களின் அருகே வெப்ப வடிகுழாய்கள் நடப்பட்டுள்ளன. இவை மின்சாரமோ இறைப்பியோ இன்றி இயங்கும் எளிய கருவிகள். மூடிய குழாயினுள் அம்மோனியா, கரியமில வாயு போன்ற எளிதில் ஆவியாகும் பொருள் அடைக்கப்பட்டிருக்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்று நிலத்தை விடக் குளிர்ந்திருப்பதால், அடியில் நிலத்தின் வெப்பத்தைப் பெற்று அப்பொருள் ஆவியாகி மேலெழும். மேலே குளிர்ந்து நீர்மமாகி மீண்டும் கீழிறங்கும். இவ்வாறு நிலத்தின் வெப்பம் தொடர்ந்து வெளியேற்றப்படுகிறது. கோடையில் மேற்பகுதி வெப்பமாக இருப்பதால் சுழற்சி தானே நின்றுவிடும். அதாவது குளிர்காலத்தில் சேர்த்துவைத்த குளிரைக் கொண்டு ஆலை கோடையைத் தாண்டுகிறது. குளிர்காலம் குறுகினால் இந்தக் கணக்கு தவறும்.

குளிரால் ஒரு நன்மையும் உண்டு. வெளிக்காற்றே உறைகுளிராக இருப்பதால் எரிவாயுவை நீர்மமாக்கத் தேவைப்படும் ஆற்றல், கத்தார் போன்ற பாலைநில நாடுகளில் தேவைப்படுவதை விடக் குறைவு.

சரக்கை வெளியே கொண்டு வருவதே கடினமான பகுதி. இதற்கெனத் தென்கொரியாவில் 15 பனியுடைப்புத் தாங்கிக் கப்பல்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 1,72,600 கன மீட்டர் கொள்ளும். 2.1 மீட்டர் தடிப்புள்ள பனியையும் உடைத்துச் செல்லவல்லவை. தடித்த பனியைச் சந்திக்கும்போது இக்கப்பல்கள் திரும்பி, பின்புறத்தை முன்னாக வைத்துச் செல்கின்றன. அடியிலுள்ள சுழல் உந்திகள் பனியை அரைத்து விலக்கும். இவற்றுள் முதலாவதான கிறிஸ்தோப் தெ மார்கெரி 2017 ஆகஸ்டில் துணைக்கப்பல் இன்றி வடகடல் வழியை ஆறரை நாளில் கடந்தது. ஆனால் கிழக்கு நோக்கிய அவ்வழி கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே எளிதாகத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் சரக்கு மேற்கே ஐரோப்பாவை நோக்கிச் சென்று, அங்கு சாதாரணக் கப்பலுக்கு மாற்றப்பட்டே ஆசியாவுக்கு வர இயலும். விலையுயர்ந்த பனியுடைப்புக் கப்பலை வெப்பக்கடலில் ஓட்டுவது இலாபமற்றது.

கெயில்–காஸ்ப்ரோம் ஒப்பந்தம்

இந்திய அரசு நிறுவனமான கெயில், காஸ்ப்ரோம் குழுமத்தின் சிங்கப்பூர் வணிகப் பிரிவுடன் 2012இல் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் நீர்ம எரிவாயு வழங்கப்பட வேண்டும். பேரண்ட்சு கடலில் உள்ள ஸ்டாக்மன் என்ற ஆர்க்டிக் கடலடி வயலில் இருந்து இது கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் செலவு மிகுதியால் அவ்வயல் அதே ஆண்டிலேயே கைவிடப்பட்ட நிலைக்குச் சென்றது. பின்னர் காஸ்ப்ரோம் தன் கைவசமுள்ள எந்த ஊற்றிலிருந்தும் வழங்கலாம் என ஏற்பாடு மாறியது. அப்பிரிவு யமல் திட்டத்திலிருந்து ஆண்டுக்கு 29 இலட்சம் டன் வாங்கத் தனியே ஒப்பந்தம் செய்தது. அதன் நோக்கம் இந்தியச் சந்தையே. விலை 2018 ஜனவரியில் திருத்தியமைக்கப்பட்டு, 2018 ஜூன் 4 அன்று முதல் சரக்கு தாகேச் முனையத்தை அடைந்தது. ஆர்க்டிக் வயலை நம்பிக் கையெழுத்தான ஒப்பந்தத்தின் முதல் சரக்கு நைசீரியாவில் இருந்து வந்தது என்பது சுவையான செய்தி. எரிவாயு வணிகத்தில் ஒப்பந்தம் ஓர் இடத்திலும் மூலக்கூறு வேறிடத்திலும் இருப்பது இயல்பே.

2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஏப்ரலில் செருமனி அரசு, தன் நாட்டில் பதிவாகியிருந்த காஸ்ப்ரோம் செர்மானியா நிறுவனத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கெயிலுடன் ஒப்பந்தம் செய்திருந்த சிங்கப்பூர்ப் பிரிவு இந்நிறுவனத்தின் கீழ் இருந்தது. மே மாதம் உருசியா பதிலடியாக அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. ஜூனில் அதன் பெயர் செஃபே என மாற்றப்பட்டது. ஆண்டு இறுதியில் அது செருமனியின் அரசுடைமை ஆனது. இதற்கிடையே கெயிலுக்கு வரவேண்டிய சரக்குகள் நின்றன. செஃபே ஒப்பந்தப்படி சிறு தண்டத் தொகையை மட்டும் செலுத்திவிட்டு விலகி நின்றது. 2023இன் முற்பகுதியில்தான் வழங்கல் மீண்டும் தொடங்கியது.

சபெட்டாவில் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கப்பல்கள் பனியில் சிக்கவில்லை. உறைநிலம் சரியவில்லை. பத்தாண்டுகளாக வல்லுநர்கள் அஞ்சிய இயற்கை இடர் எதுவும் நிகழாமல், பெர்லினிலும் மாசுகோவிலும் எடுக்கப்பட்ட இரு ஆணைகளாலேயே இந்தியாவின் சரக்கு நின்றது. கெயில் 2023 டிசம்பரில் இலண்டன் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் 181.7 கோடி டாலர் வரை இழப்பீடு கோரி வழக்கிட்டது. 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. கோரியதில் இது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

விலை வந்து சேரும் வழி

நின்றுபோன சரக்குகளை ஈடுசெய்யக் கெயில் உடனடிச் சந்தைக்குச் செல்ல வேண்டியிருந்தது. உருசியக் குழாய் எரிவாயுவை இழந்த ஐரோப்பாவும் அதே சந்தையில் நின்றது. ஆசிய உடனடி விலை 2020ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அலகிற்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. 2022 மார்ச்சில் அது 84 டாலரைத் தொட்டது. ஆகஸ்டில் மீண்டும் 70 டாலர் அளவில் இருந்தது. இங்கு அலகு என்பது பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுகளைக் குறிக்கும். வீட்டில் பயன்படும் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளைகள் ஒன்றரையில் உள்ள வெப்பம் என மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம். ஒரு பெரிய கப்பலில் ஏறத்தாழ 35 இலட்சம் அலகுகள் உள்ளன. பத்து டாலர் விலையில் அக்கப்பலின் சரக்கு மூன்றரைக் கோடி டாலர். எழுபது டாலர் விலையில் இருபத்து நான்கரைக் கோடி. கப்பல் ஒன்றுதான், வாயு ஒன்றுதான்.

கெயில் உர ஆலைகளுக்கும் தொழில்துறை வாடிக்கையாளர்களுக்கும் வழங்கலைக் குறைத்தது. தன் சொந்தப் பெட்ரோ வேதியியல் ஆலையின் உற்பத்தியையும் சுருக்கியது. இவை வடக்கிலும் மேற்கிலும் நிகழ்ந்தவை. எண்ணூர் முனையத்தை இயக்குவது இந்தியன் ஆயில். அதற்கும் காஸ்ப்ரோம் ஒப்பந்தத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் உடனடிச் சந்தை என்பது ஒரே கிணறு போன்றது. ஒருவர் கூடுதலாக இறைத்தால் எல்லோருக்கும் நீர்மட்டம் இறங்கும். தாகேச்சுக்கு வராத சரக்கு, எண்ணூருக்கு வாங்க வேண்டிய சரக்கின் விலையை உயர்த்தியது.

இந்நிலையில் ஆலைகள் என்ன செய்யும் என்பதைக் குசராத்தின் மோர்பி காட்டியது. ஓடு, தரைக்கல் தயாரிக்கும் நூற்றுக்கணக்கான ஆலைகள் அங்குள்ளன. 2022இல் குழாய் எரிவாயு விலை உயர்ந்ததும் அவற்றுள் பல புரோப்பேனுக்கு மாறின. ஆகஸ்டு–செப்டம்பரில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆலைகள் கூட்டாக மூடப்பட்டன. மோர்பி ஆலை உரிமையாளருக்கு உலையை நிறுத்துவது இழப்பு என்றாலும் இயலக்கூடியது. மிதவைக் கண்ணாடி உலைக்கு அது இயலாது. எனவே இவ்வழித்தடத்தில் எரிவாயுவுக்கு மாறும் ஆலைகளுக்குள் இரு எரிபொருளையும் ஏற்கும் எரிப்பான்களை வைத்திருப்பவையும், பழைய எண்ணெய்த் தொட்டிகளை அகற்றிவிட்டவையும் ஒரே விலைப்பட்டியலை வேறு வேறு விதமாகவே எதிர்கொள்ள நேரும். பழைய தொட்டியை விற்றுக் கிடைக்கும் இடம் சிறிது. அது அளித்த காப்பு பெரிது.

வரி முறையும் ஒரு காரணி. இயற்கை எரிவாயு சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே உள்ளது. மாநில மதிப்புக் கூட்டு வரி அதன் மீது விதிக்கப்படுகிறது. சரக்கு மற்றும் சேவை வரிக்கு உட்பட்ட உலை எண்ணெய்க்கும் பெட்ரோலிய வாயுவுக்கும் செலுத்திய வரியை உற்பத்தியாளர் ஈடுகட்டிக்கொள்ள முடியும். எரிவாயுவுக்குச் செலுத்திய வரியை அவ்வாறு ஈடுகட்ட முடியாது. நாட்டின் ஆற்றல் நுகர்வில் எரிவாயுவின் பங்கை 6 விழுக்காட்டில் இருந்து 2030க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவது நடுவண் அரசின் அறிவிக்கப்பட்ட இலக்கு. தூய்மையான எரிபொருளுக்குக் கூடுதல் சுமையை விதிக்கும் வரி முறை இவ்விலக்குக்குப் பொருந்துவதாக இல்லை.

உறைநிலமும் நெனெத்து மக்களும்

எரிபொருளின் மறுமுனையில் வாழ்பவர்கள் நெனெத்து இனத்தவர். துருவ மான் மந்தைகளுடன் ஆண்டுதோறும் யமல் தீபகற்பத்தின் தெற்கிற்கும் வடக்கிற்கும் இடம்பெயரும் வாழ்க்கை முறையை அவர்களில் பலர் இன்றும் பேணுகின்றனர். பொவனென்கொவோ வயலும் அதற்கான தொடருந்துப் பாதையும் குழாய்களும் இவ்விடப்பெயர்வுப் பாதைகளுக்குக் குறுக்கே அமைந்தவை. மான்கள் கடக்கச் சில இடங்களில் தனிப் பாதைகள் விடப்பட்டுள்ளன.

ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2013 நவம்பரில் யமலில் பனிக்கு மாறாக மழை பெய்தது. அது தரையில் பனிக்கட்டியாக இறுகியதால் மான்களால் அடியிலுள்ள பாசியை அடைய முடியவில்லை. தொடர்ந்த குளிர்காலத்தில் ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் இறந்தன. 2016 கோடையில் வெப்பம் 35 பாகையைத் தொட்டபோது, உறைநிலத்தில் புதைந்திருந்த நச்சுக்கிருமி வெளிப்பட்டு அடைப்பான் நோய் (ஆந்த்ராக்சு) பரவியது. 1941க்குப் பின் அப்பகுதியில் அதுவே முதல் முறை. 2,300க்கு மேற்பட்ட மான்களும் ஒரு சிறுவனும் இறந்தனர். 2014 முதல் யமலில் காணப்பட்ட ஆழ்ந்த நிலப்பள்ளங்கள், உறைநிலத்தில் தேங்கிய மீத்தேன் அழுத்தத்தால் வெடித்து உண்டானவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

எரிவாயு எரியும்போது நிலக்கரியை விடக் குறைந்த கரியமில வாயுவையே வெளியிடுகிறது. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பமூட்டும். ஒரகடத்தின் புகைபோக்கியில் அளக்கப்படும் தூய்மை, கிணறு, நீர்மமாக்கம், கப்பல் ஆகிய இடங்களில் ஏற்படும் கசிவைக் காட்டுவதில்லை.

காவிரிப் படுகையுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் எரிவாயுவே இல்லை என்பதில்லை. காவிரிப் படுகையில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் பல பத்தாண்டுகளாக எரிவாயு எடுத்து வருகிறது. குத்தாலம், வழுதூர், திருமாக்கோட்டை மின் நிலையங்கள் இப்படுகையின் எரிவாயுவைக் கருதியே அமைக்கப்பட்டவை. ஆனால் 2010இல் ஒப்பந்தமான மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம் உழவர்களின் எதிர்ப்பால் நிறைவேறாது போனது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பரில் இத்திட்டத்திற்கு எதிரான பரப்புரைப் பயணத்தின் போதே காலமானார். 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் நீண்ட போராட்டம் நடந்தது. 2020இல் காவிரிப் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை இச்சட்டம் தடுக்கிறது. முன்பே நடைபெறும் பணிகளை அது நிறுத்தவில்லை.

நெல் விளையும் நிலத்தைக் காக்க எடுத்த இம்முடிவு பரவலான மக்கள் ஆதரவு பெற்றது. அதன் மறுபக்கம் குறைவாகவே பேசப்பட்டது. ஒரே மாநிலத்தின் டெல்டா எரிவாயுவை மறுக்கும்போது அதன் தொழில் வழித்தடம் எரிவாயுவை நாடினால், இடைவெளியை நிரப்புவது வேறொருவரின் நிலத்திலிருந்து வரும் எரிவாயுவே. நெடுவாசல் ஊரார் மறுக்க முடிந்தது. யமலின் மான் மேய்ப்பர்களுக்கு அத்தகைய வாய்ப்பு கிட்டியதாகச் சொல்ல இயலாது.

2023க்குப் பின்

யமலுக்கு எதிர்க்கரையில், கைடான் தீபகற்பத்தில் அமைந்த ஆர்க்டிக் எல்.என்.ஜி. 2 என்ற திட்டத்தின் மீது அமெரிக்கா 2023 நவம்பரில் தடை விதித்தது. அதன் ஆலைப்பகுதிகள் மூர்மான்சுக் அருகே பெரும் காங்கிரீட்டு மிதவைகளின் மேல் கட்டப்பட்டு, கடல் வழியே இழுத்து வரப்பட்டு நிறுத்தப்பட்டவை. 2024இல் அங்கிருந்து ஏற்றப்பட்ட சரக்குகள் வாங்குவாரின்றிக் கடலில் அலைந்தன. தடைக்கு உட்பட்ட அச்சரக்கை வாங்கப் போவதில்லை என இந்தியப் பெட்ரோலியத் துறைச் செயலர் அவ்வாண்டு செப்டம்பரில் தெரிவித்தார். 2025 ஆகஸ்டில் சீனாவின் பெய்காய் முனையம் முதல் சரக்கை ஏற்றது. யமல் திட்டத்தின் மீது அதுவரை இத்தகைய தடை இல்லை.

இந்திய நிறுவனங்கள் ஆர்க்டிக்கில் வாங்குநர்களாக மட்டும் இல்லை. எண்ணூர் முனையத்தின் உரிமையாளரான இந்தியன் ஆயில், ஆயில் இந்தியா, பாரத் பெட்ரோலியத்தின் துணை நிறுவனம் ஆகியவை சேர்ந்து, வடமுனை வட்டத்தை ஒட்டிய வான்கோர் வயலில் 2016இல் 23.9 விழுக்காடு பங்கு வாங்கின. ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனம் அதே வயலில் 26 விழுக்காடு வைத்துள்ளது. 2022க்குப் பின் இப்பங்குகளின் ஈவுத்தொகை உருசிய வங்கிகளிலேயே தேங்கியது. ஆர்க்டிக் பற்றிய இந்திய அரசின் கொள்கை ஆவணம் 2022 மார்ச்சில், அதாவது போர் தொடங்கிய அடுத்த மாதம், வெளியானது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் துறைமுகங்களில் உருசிய நீர்ம எரிவாயுவைக் கப்பல் மாற்றி வேறு நாடுகளுக்கு அனுப்புவதை 2025 மார்ச்சு முதல் தடை செய்தது. நீண்டகால ஒப்பந்தங்களின்கீழ் அதனை வாங்குவதை 2027 ஜனவரி 1 முதல் நிறுத்தவும் 2025 அக்டோபரில் முடிவு செய்தது. யமல் சரக்கின் பெரும்பகுதி அதுவரை ஐரோப்பாவுக்கே சென்று வந்தது. அது ஆசியாவுக்குத் திரும்புமானால் உடனடிச் சந்தையில் விலை தணியலாம் என்பது ஒரு கணிப்பு. ஆனால் குளிர்காலத்தில் சரக்கை மாற்றி ஏற்ற ஐரோப்பியத் துறைமுகம் இல்லாமல், 15 பனியுடைப்புக் கப்பல்களைக் கொண்டு சபெட்டாவின் முழு உற்பத்தியையும் ஆசியாவுக்கு எடுத்து வருவது இயலாது. மூர்மான்சுக் அருகே கடலில் நிறுத்தப்பட்ட மிதவைக் கொள்கலன் ஓரளவே உதவும். சென்னை–விளாதிவசுத்தோக் கடல் வழித்தடம் பற்றி 2019 செப்டம்பரில் இரு நாடுகளும் உடன்பட்டன. அவ்வழித்தடத்தின் வட முனையில் இருந்து சபெட்டா வரையிலான கடல், நவம்பர் முடிவில் மீண்டும் உறைந்துவிடுகிறது.